ஒப்புரவுத் தேத்தண்ணி

நான் கலியாணம் முடித்துப் போன ஊரில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் தேயிலை அதிகம் செலவாகும். அந்த ஞாயிறு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்து, மேசையில் வைத்த அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை. யாரோடாவது பிணக்கு வைத்துக்கொண்டு மேசைக்குப் போகக்கூடாது என்பது கட்டளை. ஆகவே மாதம் முழுக்க முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை வெயில் தாழக் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். பிணங்கியவரின் வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து, அவர்கள் தரும் தேத்தண்ணியை அடிவரை குடித்துவிட்டு வரவேண்டும். சண்டையைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. மழை வருமா வராதா என்று கதைத்தால் போதும். அதற்குப் பெயர் ஒப்புரவு.

இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஊருக்கு உதவி வாழ்வதுதான் ஒப்புரவு என்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். சாவகச்சேரிப் பக்கத்தில் என் பிறந்த ஊர்க் கோயிலில் அது பிரசங்கத்தில் மட்டும் வரும், ஞாயிறு உடுப்பைப் போல வீட்டுக்கு வந்ததும் மடித்து வைத்துவிடுவோம். சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த இந்தச் சின்னக் குடியிருப்பிலோ அது உப்பு, புளி போல அன்றாடம் புழங்கியது. "அவையள் ஒப்புரவாகீட்டினமோ?" என்று கேட்பார்கள். "இன்னும் இல்லை, அடுத்த மாசம் பாப்பம்" என்பார்கள். எதிர்வளவில் வெங்காயத் தோட்டம் செய்த சைவக்காரர் ஒருவர், வெள்ளிக்கிழமைகளில் எங்களைக் கண்டால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இண்டைக்கு ஆரின்ரை வீட்டை ஒப்புரவுத் தேத்தண்ணி?" என்று கேட்பார். அவருடைய தண்ணீர் இறைக்கும் மெசின் இயங்காத நாட்களில், "எனக்கும் மெசினுக்கும் இன்னும் ஒப்புரவாகேல்லை" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆகவே அந்த ஊருக்குப் போன முதல் இரண்டு வருடத்திலேயே நான் ஏழெட்டு வீட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மனையியல் படிப்பித்தேன். என்னவருக்குக் கொழும்பில் கந்தோர் வேலை, மாதத்துக்கு ஒருமுறை மெயில் ரயிலில் வந்து போவார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அவருடைய தமக்கை, என் மச்சாள் தனியாக இருந்தார். இளம் வயதிலேயே கணவனைப் பறிகொடுத்தவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு, ஆஸ்பத்திரியில் தாதி. கொதிக்காத எதையும் மச்சாள் நம்பமாட்டார். தண்ணீர், பால், கரண்டி, என் பிள்ளைகளின் பால் போத்தல் எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் கொதித்தாக வேண்டும்.

திருவிருந்துக்கு மேசை போடுவது பதினைந்து வருடமாக மச்சாளின் வேலை. வெள்ளைத் துணியை வெளுத்துக் கஞ்சி போடுவதும், பாணைச் சதுரம் சதுரமாக வெட்டுவதும், குடிக்கிற ரசத்தைக் காய்ச்சுவதும் அவர்தான். எங்கள் சபையில் மதுவென்ற பேச்சுக்கே இடமில்லை. சின்ன வயதிலேயே தொடமாட்டோம் என்று கையெழுத்து வைத்தவர்கள். ஆகவே கடையில் உலர்ந்த முந்திரிகை, அதாவது திராட்சை வற்றல் வாங்கி, ஊறவைத்துக் காய்ச்சி வடித்த இனிப்புத் தண்ணீர்தான் அந்தச் சின்னக் கிளாஸ்களில் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான்களின் வரத்து நின்றபோது உலர்ந்த முந்திரிகையும் கடைகளில் இல்லாமல் போனது. ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பந்தல் போட்டுப் பச்சை முந்திரிகை செய்யத் தொடங்கியிருந்தார்கள். கொத்துக் கொத்தாய்க் கறுத்துத் தொங்கும்.

"இந்த முறை ரசத்தை நான் செய்யிறன் மச்சாள்" என்று நான்தான் வலியப் போய்க் கேட்டேன். அவருக்கு அந்தக் கிழமை இரவு வேலை. "சரி, செய்யும். ஆனா நல்லாக் கொதிக்கவிடும்" என்றார்.

"கொதிச்சால் சத்துப் போயிடும், மச்சாள்."

"ஞாயித்துக்கிழமை நாங்கள் சத்துக்கோ போறம்?" என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் மனையியல் ரீச்சர் அல்லவா! பழத்தைக் கசக்கிப் பிழிந்து, இளஞ்சூடு காட்டி, வியாழக்கிழமையே போத்தலில் விட்டு, தக்கையை இறுக்கி, கோயிலின் பக்க அறையில் வைத்தேன். ஓட்டுக்குக் கீழே அந்த அறை பாண் சுடும் போறணை மாதிரிக் காயும். ஞாயிறு காலை கிளாஸ்களில் ஊற்றும்போது கொஞ்சம் நுரைத்தது. போத்தல் குலுங்கியதாக்கும் என்று நினைத்து, மிச்சத்தை மூடி வைத்தேன். பிரசங்கத்தின் நடுவில் பக்க அறையில் "டப்" என்று ஒரு சத்தம். எங்கள் போதகரான ஐயர் ஒரு கணம் நிறுத்தி, வளவில் தேங்காய் விழுந்தது என்று எண்ணினாரோ என்னவோ, தொடர்ந்து பேசினார். அது என் போத்தலின் தக்கை என்று எனக்கு மட்டும் விளங்கியது.

அன்றைக்கு முழந்தாளில் நின்றவர்களின் முகங்களை நான் மறக்கவே மாட்டேன். ஒருவர் இருமினார். ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டே முகத்தைச் சுளித்தார். சிலர் இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்பது போலவும் பார்த்தார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சபையின் மதுவிலக்குச் சங்கத் தலைவர் இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர். வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் அவர்தான். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, வாசற்படியில் நின்று கையைத் தட்டி எல்லோரையும் மறித்தார்.

"இது ஆர் காய்ச்சினது?"

நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பாதிப்பேர் என் மாணவிகளின் தாய்தகப்பன். "பெட்டையளுக்குச் சமையல் படிப்பிக்கிறவள் கோயிலுக்குக் கள்ளுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள்" என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கக் கதை நடக்கும் என்பது ஒரு நொடியில் என் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

"மச்சாள்தான்" என்றேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பதினைந்து வருடமாக அவர்தானே செய்தவர். இரவு வேலை முடித்து நேரே கோயிலுக்கு வந்திருந்த மச்சாள் எனக்குப் பின்னால்தான் நின்றார். மேசைத்துணி மடித்தபடி கையில் இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்ரேசன் மாஸ்ரரைப் பார்த்தார். துணியைப் பக்க அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அடுத்த கிழமை சபையின் காரியக் கூட்டம் கூடியது. "உங்களுக்கு ஆஸ்பத்திரி வேலையும் பாரம், இனித் தங்கச்சி பாக்கட்டும்" என்று மரியாதையாகச் சொல்லி மேசை வேலையை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் தந்தார்கள். வெட்கக்கேடு, நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த திருவிருந்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். குடை தேவையில்லாத தூரம். மச்சாள் சந்தோசமாகத்தான் கூப்பிட்டார், குசினியில் கதிரை போட்டார். சீனி கிடைக்காத காலம், பனங்கட்டியை உடைத்துச் சிரட்டையில் வைத்துத் தேத்தண்ணி தந்தார். அடிவரை குடித்துவிட்டுக் கேட்டேன்:

"மச்சாள், என்னிலை கோவமோ?"

"கோவமில்லை."

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. "அப்ப ஒப்புரவுதானே?"

"இல்லை" என்றார். அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார். "கோவம் ஆறுறதுக்குத் தேத்தண்ணி போதும். ஒப்புரவு எண்டால், பள்ளம் விழுந்த இடத்திலைதானே மண் போடவேணும்? என்ரை குசினியிலை ஒரு பள்ளமும் விழேல்லை."

விழுந்தது கோயில் வாசலில் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் வந்தது. "அப்ப நீங்களே வாசல்லை நிண்டு சொல்லுங்கோவன், நான்தான் காய்ச்சினனான் எண்டு!" என்று கத்தினேன்.

"நான் சொன்னால் அது முறைப்பாடு. நீர் சொன்னால்தான் ஒப்புரவு."

கோப்பையை வைத்துவிட்டுப் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். அந்த ஞாயிறு எல்லோரும் வரிசையாக மேசைக்குப் போனபோது மச்சாள் கடைசி வாங்குப் பலகையில் அப்படியே இருந்தார். நான் போனேன். முழந்தாளிட்டேன். நானே காய்ச்சிய ரசத்தைக் குடித்தேன்.

இப்படிப் பதினொரு மாதம். திருவிருந்துக்கு முந்திய ஒவ்வொரு வெள்ளியும் தேத்தண்ணி, ஒவ்வொரு முதல் ஞாயிறும் மச்சாள் வாங்கில். எங்கள் சபையில் வாங்கில் இருந்துவிடுவது சின்ன விசயமல்ல. ஒரு மாதம் இருந்தால் பாவம் என்பார்கள், மூன்று மாதம் இருந்தால் பிடிவாதம் என்பார்கள். "மேசை வேலையை எடுத்ததுக்கு இவ்வளவு வன்மமோ" என்று பெண்கள் என்னிடமே வந்து அனுதாபப்பட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். ஐயர் இரண்டு முறை போய்க் கதைத்துப் பார்த்தார். "என்ரை பக்கத்திலை ஒண்டுமில்லை ஐயா, காத்துக்கொண்டு இருக்கிறன்" என்று மட்டும் சொன்னாராம். ஐயருக்கு அது விளங்கவில்லை. விளங்கிய ஒரே ஆள் ரசம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தில் நான் அதைப் பாணிபோலப் பிசுபிசுக்கும்வரை கொதிக்கவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். நினைத்திருந்தால் மச்சாள் ஒரு தேத்தண்ணியில் காரியத்தை முடித்திருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளிக்கிழமை ஒப்புரவாகி, ஞாயிறு முழந்தாளிட்டு, திங்கள் காலை கிணற்றடியில் பழையபடி தொடங்குவார்கள். ஊரோடு ஒத்து "ஓம், ஒப்புரவாகீட்டம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். அந்த ஒரு சொல்லை அவர் பொய்யாகச் சொல்லமாட்டார். அந்தப் பதினொரு மாதத்தில் என்னைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை, தன் தம்பிக்குக்கூட. அவரைப் போல ஒரு ஆளை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

பதினோராவது மாதம் என் இளைய மகளுக்கு இருமலும் காய்ச்சலும். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி போடுகிற மேசையில் மச்சாள் நின்றார். எங்களுக்கு முன்னால் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாய், மடியில் பிள்ளை. மச்சாள் கொதிதண்ணீர்த் தட்டிலிருந்து ஊசியைக் குறட்டால் எடுத்தபோது அந்தத் தாய் பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் வேண்டாம். மற்ற நேர்ஸ் போடட்டும்."

"ஏன் பிள்ளை?"

"ரசத்தையே ஒழுங்காக் கொதிக்க வைக்கத் தெரியேல்லை. ஊசியை எப்பிடிக் கொதிக்க வைச்சனீங்களோ ஆருக்குத் தெரியும்?"

அவள் சத்தமாகத்தான் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. மச்சாள் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார். மற்றத் தாதியைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்கு நீர் போடும்" என்று விலகி நின்றார். பிறகு எங்களைப் பார்த்து, "வாங்கோ, என்ன காய்ச்சலோ?" என்று என் மகளின் நெற்றியில் கையை வைத்தார். இவ்வளவு நடந்தும் என் பிள்ளையை அவரால் அப்படித் தொட முடிந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. அவருடைய பெயரை மட்டுமா, கையையுமல்லவா பறித்துவிட்டேன்.

அங்கேயே, அந்த வரிசைக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அவ்வளவுதான் அன்றைய என் வீரம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. எதிர்வளவுக்காரர், "என்ன ரீச்சர், இந்த மாசம் ஒருத்தரோடையும் சண்டை இல்லையோ?" என்று கேட்டார்.

ஞாயிறு முதல் மணி அடிக்கும்போதே வாசற்படியில் போய் நின்றேன். ஸ்ரேசன் மாஸ்ரர் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. படியேறி வந்தவர்கள், நான் வழியை மறித்து நின்றதால் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் கண்ட அந்தத் தாயும் வரும்வரை காத்திருந்தேன். மச்சாளும் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்டைக்கு நீங்கள் ஆர் காய்ச்சினது எண்டு கேட்டனீங்கள்" என்று தொடங்கினேன். வகுப்பில் நாற்பது பெட்டைகளை அடக்குகிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "அது நான் காய்ச்சினது. மச்சாள் அதைத் தொடவேயில்லை. நல்லாக் கொதிக்கவிடச் சொன்னவ, நான்தான் கேக்கேல்லை. பயத்திலை அவவின்ரை பேரைச் சொன்னனான். பொய் சொன்னனான்."

ஸ்ரேசன் மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொரு மாசமோ?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா தெரியாது. பிறகு புத்தகக் கட்டோடேயே மச்சாளுக்கு முன்னால் போய் நின்றார். மச்சாள் அவர் கையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "உள்ளை போவம், ரண்டாம் மணி அடிக்கப்போகுது" என்றார். ஊசிக்கு மறுத்த அந்தத் தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் அதே வாங்கில் இருந்தாள்.

திருவிருந்து நேரம் வந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். எனக்கு எழும்பத் துணிவு வரவில்லை. பதினொரு முறை போனது போதாதா? இம்முறை நான்தான் வாங்கில் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சேலை வந்து நின்றது.

"எழும்பும்" என்றார் மச்சாள்.

"என்னாலை ஏலாது மச்சாள்."

"நான் பதினொரு மாசம் இருந்தது தனியாப் போறதுக்கில்லை. எழும்பும்."

சேர்ந்து போய் முழந்தாளிட்டோம். சின்னக் கிளாஸை வாயில் வைத்தவர் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "இதென்ன, பாணி காய்ச்சி வைச்சிருக்கிறீர்" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. ஐயர் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்.

மேசை வேலையைச் சபை மச்சாளிடமே திருப்பிக் கொடுத்தது. அடுத்த மாதம் சனிக்கிழமை காலை அவர் ஒழுங்கையைக் கடந்து வந்து, "வாரும், சேர்ந்து காய்ச்சுவம்" என்று கூப்பிட்டார். அவருடைய குசினியில் பழத்தைப் பிழிந்து அடுப்பில் ஏற்றினோம். பிறகு கதைக்கத் தொடங்கினோம். பதினொரு மாதமாக மழையை மட்டும் கதைத்த இரண்டு பேர். ஆஸ்பத்திரிக் கதை, பள்ளிக்கூடக் கதை, தம்பியின் கடிதம், அவர் தன் கணவனைப் பற்றி அதுவரை எனக்குச் சொல்லாத கதைகள். மணம் மூக்கில் ஏறியபோதுதான் இருவரும் திரும்பிப் பார்த்தோம். சட்டி அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. வேறு பழம் வாங்க நேரமில்லை. தப்பியதை வடித்து எடுத்துக்கொண்டு போனோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஸ்ரேசன் மாஸ்ரர் பழையபடி வாசற்படியில் நின்றார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே, வழக்கத்தை விடமுடியாமல் கேட்டார்.

"இது ஆர் காய்ச்சினது?"

எல்லோரும் நின்றார்கள். இம்முறை நான் வாயைத் திறந்துவிட்டேன், "நான்" என்று சொல்லத்தான். அதற்குள் மச்சாள் மேசைத்துணியை மற்றக் கைக்கு மாற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நாங்கள் ரண்டு பேரும்."